ஆய்வேட்டுத் தரவில் கோளாறா? அறிகுறி பார்த்து வேரைக் கண்டுபிடிக்கும் வழி

உளவியல் ஆய்வேட்டில் கோளாறு கண்ணில் படும் இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. திரையில் ஓர் எண் விசித்திரமாக வந்ததும் பலரும் உடனே வேறொரு சோதனையைப் போட்டுப் பார்க்கிறார்கள். அது வேண்டாம். முதலில் தரவுத்தாளைப் பாருங்கள். அப்புறம் வினாத்தாள், ஆய்வு வடிவமைப்பு. சோதனையைச் சந்தேகிப்பது கடைசியில்தான். முடிவைப் பார்த்த பிறகு செய்கிற ஒவ்வொரு திருத்தமும் நெறிமுறை சம்பந்தப்பட்டது என்பதையும் மனத்தில் வையுங்கள். புள்ளியியல் ஓர் அத்தியாயம், நெறிமுறை இன்னோர் அத்தியாயம் என்று பாடத்திட்டம் பிரித்து வைத்திருக்கலாம். வேலையில் இறங்கினால் இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

எதையும் தொடும் முன் இரண்டு காரியம். வந்த தரவை அப்படியே ஒரு பிரதி எடுத்து, 'மூலம்' என்று பெயரிட்டு, படிக்க மட்டும் முடிகிற கோப்பாகப் பூட்டி வையுங்கள். இன்னொரு வெற்றுக் கோப்பில் குறிப்பேடு தொடங்குங்கள்: தேதி, என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன், முடிவைப் பார்ப்பதற்கு முன்பா பின்பா. கடைசிக் கேள்விதான் முக்கியம்.

அறிகுறி: க்ரான்பாக் ஆல்ஃபா மைனஸில் வருகிறது, அல்லது 0.2, 0.3 என்று படுத்துக் கிடக்கிறது

க்ரான்பாக் ஆல்ஃபா என்பது ஒரு வினாத்தாளின் கூற்றுகள் எவ்வளவு ஒன்றுசேர்ந்து நகர்கின்றன என்பதைக் காட்டும் எண். அது இப்படித் தாழ்வதற்கு, பத்தில் எட்டு முறை என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு அடிக்கடி வரும் காரணம், எதிர்த்திசைக் கேள்விகளைத் திருப்பி மதிப்பிடாமல் விட்டதுதான். பதற்றத்தை அளக்கும் வினாத்தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'சின்ன விஷயத்துக்கும் மனம் பதறுகிறது' என்பது ஒரு கூற்று. 'பெரும்பாலும் அமைதியாக இருக்கிறேன்' என்பது இன்னொன்று. பதற்றம் மிகுந்தவர் முதலாவதுக்கு 5 போடுவார், இரண்டாவதுக்கு 1 போடுவார். இரண்டையும் அப்படியே கூட்டினால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். அமைதியானவரும் பதறுபவரும் ஒரே மொத்தத்தில் வந்து நிற்பார்கள். இப்படிக் கூற்றுகள் ஒன்றுக்கொன்று எதிராக நகர்வதன் விளைவுதான் அந்த மைனஸ் ஆல்ஃபா.

சரிசெய்வது எளிது. 1 முதல் 5 வரையிலான அளவில் 6-இலிருந்து விடையைக் கழியுங்கள், 1 முதல் 4 வரை என்றால் 5-இலிருந்து. 0-வில் தொடங்கும் அளவென்றால் உச்ச எண்ணிலிருந்து கழிக்க வேண்டும். எந்தக் கூற்றுகளைத் திருப்ப வேண்டும் என்பதை ஊகிக்காதீர்கள், அளவுகோலின் கையேடு சொல்லும். ரோசன்பர்க் சுயமதிப்பு அளவுகோலில் பத்தில் ஐந்து கூற்றுகள் எதிர்த்திசையானவை. திருப்பிய மதிப்பைப் பழைய நெடுவரிசையின் மேலேயே எழுதாமல், புதிய பெயரில் புதிய நெடுவரிசையாக வையுங்கள். ஒரே நெடுவரிசையை இரண்டு முறை திருப்பிப் பழைய இடத்துக்கே வந்து நிற்பது, திருப்பாமல் விடுவதைப் போலவே சகஜமாக நடக்கிறது.

திருப்பிய பிறகும் ஒரு கூற்று மட்டும் மற்றவற்றோடு சேர மறுக்கலாம். ஒவ்வொரு கூற்றுக்கும் மீதி மொத்தத்துக்கும் உள்ள ஒட்டுறவை (இரண்டும் சேர்ந்து நகரும் அளவை) காட்டும் அட்டவணையில் அது மைனஸாகவோ பூச்சியத்தை ஒட்டியோ நிற்கும். அந்தக் கூற்றை எடுத்து, பதில் சொன்னவர்களின் கண்ணால் படியுங்கள். இரட்டை மறுப்பு இருக்கிறதா? 'நான் கவலைப்படாமல் இருப்பதில்லை' மாதிரியான வாக்கியத்துக்கு யாரும் நிதானமாகப் பதில் சொல்ல மாட்டார்கள். வேறு மொழியிலிருந்து வந்த வினாத்தாள்களில் இந்தத் தொல்லை அதிகம்.

மென்பொருள், 'இந்தக் கூற்றை நீக்கினால் ஆல்ஃபா இவ்வளவாகும்' என்று இன்னொரு நெடுவரிசையையும் காட்டும். அதைப் பார்த்து ஒவ்வொன்றாகத் தூக்கி எறிந்தால், வழக்கமாக ஏற்கப்படும் 0.7-ஐத் தொட்டுவிடலாம். ஆனால் உங்கள் கையில் மிஞ்சுவது அந்த அளவுகோல் அல்ல. நீக்கித்தான் ஆக வேண்டும் என்றால் எந்தக் கூற்றை, ஏன் என்று எழுதி, நீக்காமல் வந்த முடிவையும் பக்கத்தில் தாருங்கள். ஆல்ஃபா 0.95-ஐத் தாண்டினாலும் மகிழ வேண்டியதில்லை. ஒரே கேள்வியை வார்த்தை மாற்றிப் பல முறை கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அறிகுறி: சராசரி நம்பும்படி இல்லை

கல்லூரி மாணவர்களின் சராசரி வயது 24.74, திட்ட விலக்கம் (சராசரியைச் சுற்றி மதிப்புகள் சிதறும் அளவு) 19 பக்கம் என்று வந்தால், யாரோ விடுபட்ட விடைகளுக்கு 99 என்று போட்டிருக்கிறார்கள். 47 பேருக்கு வயது 20, மூன்று பேருக்கு 99 என்று வைத்துக் கணக்குப் போட்டால் சரியாக இந்த 24.74 வரும். 50 பேரில் மூன்றே மூன்று பேர் போதும் அட்டவணையைக் குலைக்க. ஒவ்வொரு மாறிக்கும் மிகக் குறைந்த மதிப்பு, மிக உயர்ந்த மதிப்பு இரண்டையும் முதலில் பாருங்கள். விடுபட்டதைக் குறிக்கும் எண் எது என்று மென்பொருளிடம் சொல்லியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். இணையப் படிவம் என்றால் ஒருவரே இரண்டு முறை அனுப்பியதும், எல்லாக் கேள்விக்கும் வரிசையாக 3 போட்டுப் போனதும் கலந்திருக்கும்.

அட்டவணையைச் சமர்ப்பிக்கும் முன் ஒரு சின்னச் சோதனை. விடைகள் முழு எண்களாக இருக்கும் ஒரே கேள்விக்கு 25 பேர் பதில் சொல்லியிருந்தால், சராசரி 0.04 படிகளாகத்தான் நகர முடியும்: 3.44, 3.48, 3.52 இப்படி. 3.47 வரவே வராது. வந்திருந்தால் ஆள் எண்ணிக்கை தவறு, அல்லது தட்டச்சுப் பிழை. இதே கணக்கை வைத்து, வெளியான கட்டுரைகளில் இருக்கும் பொருந்தாத சராசரிகளையும் ஆய்வாளர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹெதர்ஸும் உருவாக்கிய இந்தச் சோதனைக்கு கிரிம் என்று பெயர். உங்கள் அட்டவணையில் இருப்பதை வேறொருவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்கள் கண்டுபிடிப்பது நல்லது.

அறிகுறி: பி மதிப்பு 0.000

பி மதிப்பு என்பது, விளைவே இல்லாவிட்டாலும் இவ்வளவு வேறுபாடோ இதைவிட அதிகமோ தற்செயலாக வரும் வாய்ப்பு. அது பூச்சியம் இல்லை. மூன்று இலக்கத்துக்கு மேல் மென்பொருள் காட்டவில்லை, அவ்வளவுதான். பி < 0.001 என்று எழுதுங்கள்.

அறிகுறி: பி மதிப்பு 0.07, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்

வழக்கமான எல்லை 0.05. அதற்குக் கீழே வந்தால்தான் முடிவு 'முக்கியத்துவம்' காட்டுகிறது என்பார்கள். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

மனத்தில் வரிசையாக எழும் யோசனைகள் இவை: இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கலாமா, அந்த ஒதுங்கி நிற்கும் இரண்டு பேரை நீக்கலாமா, ஆண் பெண் என்று பிரித்துப் பார்க்கலாமா, இரு திசை வேறுபாட்டையும் தேடும் இருமுனைச் சோதனையை, ஒரே திசையில் தேடும் ஒருமுனையாக மாற்றலாமா. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான செயல் போலவே இருக்கும், கெட்ட எண்ணம் எதுவும் தேவையில்லை. ஆனால் 2011-இல் சிமன்ஸ், நெல்சன், சிமன்சன் மூவரும் கணினிப் பாவனை ஓட்டிக் காட்டினார்கள்: இப்படிப்பட்ட நான்கு சுதந்திரங்களை ஒன்றாகச் சேர்த்தால், இல்லாத விளைவை 'இருக்கிறது' என்று சொல்லும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து சுமார் 61 சதவீதத்துக்கு ஏறிவிடுகிறது. அதாவது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதைவிட மோசம். 2015-இல் வெளியான பெரிய கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். மூல ஆய்வுகளில் 97 சதவீதம் முக்கியத்துவம் காட்டியிருந்தன, மறுபடி செய்தபோது 36 சதவீதம்தான் காட்டின. இந்த இடைவெளிக்குப் பல காரணங்கள் உண்டு. மேலே சொன்ன சின்னச் சின்னச் சலுகைகளுக்கும் அதில் பங்கு உண்டு என்பதே பரவலான கருத்து.

சரி, அப்படியானால் 0.07-ஐ என்ன செய்வது?

முதலில், உங்கள் மாதிரிக்கு அந்த விளைவைப் பிடிக்கும் சக்தி இருந்ததா என்று பாருங்கள். உளவியலாளர் கோஹன் சொன்ன 'நடுத்தர' விளைவு 0.5, அதாவது இரு சராசரிகளின் வேறுபாடு திட்ட விலக்கத்தில் பாதி. இரண்டு குழுக்களுக்கு இடையே அந்த அளவு வேறுபாட்டை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க ஒரு குழுவுக்கு 64 பேர் வேண்டும். 'சிறிய' விளைவான 0.2-க்கு ஒரு குழுவுக்கு ஏறத்தாழ 394 பேர். 'குழுவுக்கு 30 பேர் போதும்' என்று வாய்வழியாகப் பரவியிருக்கும் விதி இருக்கிறதே, அதன்படி போனால் நடுத்தர விளைவு உண்மையிலேயே இருந்தாலும் பாதிக்கு மேற்பட்ட முறை நீங்கள் அதைத் தவறவிடுவீர்கள். இந்தக் கணக்கைத் தரவு சேகரிக்கும் முன் போட வேண்டும். கையில் வந்த விளைவளவை வைத்துப் பின்னால் போடும் சக்திக் கணக்கு பி மதிப்பையே வேறு உருவில் திருப்பிச் சொல்லும், புதிதாக எதுவும் தராது.

அடுத்து, நம்பக இடைவெளியை (உண்மையான விளைவு இருக்கக்கூடிய வீச்சை) எழுதுங்கள். குழுவுக்கு 30 பேர், சராசரி வேறுபாடு 4 மதிப்பெண், 95 சதவீத இடைவெளி −0.3 முதல் 8.3 வரை என்று வைத்துக்கொள்வோம். இதைப் படிக்கும் எவருக்கும் நிலைமை புரிந்துவிடும்: விளைவே இல்லாமலும் இருக்கலாம், 8 மதிப்பெண் அளவுக்குப் பெரிதாகவும் இருக்கலாம், இந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 'முக்கியத்துவத்தை நெருங்கியது' என்று எழுதாதீர்கள். 'விளைவு இல்லை' என்றும் எழுதாதீர்கள். இரண்டுமே தரவு சொல்லாத செய்தி.

இன்னும் பத்துப் பேரைச் சேர்க்கலாமா என்ற கேள்விக்கு: இடையில் எட்டிப் பார்க்கும் திட்டம் முன்பே எழுதி வைக்கப்பட்டு, அதற்கேற்ப முக்கியத்துவ மட்டமும் இறுக்கப்பட்டிருந்தால் சேர்க்கலாம். இல்லையென்றால் கூடாது. சேர்த்தே விட்டீர்கள் என்றால் மறைக்காமல் எழுதுங்கள். வழிகாட்டி 'ரிசல்ட் வரவில்லையே' என்று முகம் சுளிக்கலாம். கருதுகோள் ஏற்கப்படாத ஆய்வேடும் முழுமையான ஆய்வேடுதான். நேர்மையாகச் செய்து எதுவும் கிடைக்காத ஆய்வு, அடுத்து அதே கேள்வியை எடுப்பவரின் ஓராண்டு உழைப்பைக் காப்பாற்றும். இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

அறிகுறி: எதைப் போட்டாலும் முக்கியத்துவம் காட்டுகிறது

இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, மாதிரி மிகப் பெரிது. 2000 பேரிடம் 0.06 என்ற ஒட்டுறவு வந்தால் பி மதிப்பு 0.01-க்கும் கீழே போய்விடும். ஆனால் அந்த ஒட்டுறவு விளக்குவது மாறுபாட்டில் 0.36 சதவீதம். முக்கியத்துவத்தைக் காட்ட அட்டவணையில் போடும் நட்சத்திரக் குறியை எண்ணாமல் விளைவின் அளவைப் பாருங்கள். மற்றொன்று, சோதனைகளின் எண்ணிக்கை. உண்மையில் எந்த விளைவும் இல்லாத இடத்தில் ஒன்றையொன்று சாராத 20 சோதனைகள் போட்டால், ஒன்றாவது 0.05-க்குக் கீழே வரும் வாய்ப்பு 64 சதவீதம். ஏழு மாறிகளை ஒட்டுறவு அட்டவணையில் போட்டாலே 21 சோதனை ஆகிவிடுகிறது. சோதனைகள் கூடக்கூட முக்கியத்துவ எல்லையை இறுக்கும் ஹோம் அல்லது பான்ஃபெரோனி திருத்தம் செய்யுங்கள். அதைவிட முக்கியமாக, உங்கள் கருதுகோள் எந்த ஒட்டுறவைப் பற்றியது என்று முன்பே எழுதி வைத்து, மற்றவற்றைத் 'தேடிப் பார்த்தவை' என்று தனியாகக் காட்டுங்கள்.

அறிகுறி: தொடர்பு இருந்தே ஆக வேண்டும், ஆனால் ஒட்டுறவு பூச்சியத்தை ஒட்டி வருகிறது

சிதறல் படம் போடுங்கள். எண்ணைப் பார்த்தது போதும். 1973-இல் புள்ளியியலாளர் அன்ஸ்கோம் நான்கு தரவுத் தொகுதிகளைக் காட்டினார். நான்கிலும் ஒரே சராசரி, ஒரே ஒட்டுறவு 0.82. படமாகப் போட்டால் ஒன்று சாதாரணச் சிதறல், ஒன்று வளைகோடு, மற்ற இரண்டிலும் தனித்து நிற்கும் ஒரு புள்ளி கணக்கைக் கெடுக்கிறது. உங்கள் படத்திலும் இப்படி ஏதாவது இருக்கலாம். மன அழுத்தத்துக்கும் செயல்திறனுக்கும் இடையே மேடு போன்ற வளைவு இருந்தால், நேர்கோட்டை மட்டும் தேடும் பியர்சன் கெழு (வழக்கமான ஒட்டுறவு எண்) அதைப் பார்க்காது. நுழைவுத் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்களை மட்டும் எடுத்து அந்தத் தேர்வு மதிப்பெண்ணைப் பின்னாளைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டால், வீச்சு குறுகியதாலேயே ஒட்டுறவு சுருங்கும். இரண்டு குழுக்கள் கலந்திருந்து ஒன்றின் போக்கை மற்றொன்று மறைக்கவும் கூடும். குழுவுக்கு ஒரு நிறம் கொடுத்தால் தெரிந்துவிடும்.

அறிகுறி: பயிற்சிக்குப் பின் எல்லோருக்கும் முன்னேற்றம், ஆனால் தேர்வாளர் நம்பவில்லை

தேர்வாளர் சொல்வது சரி. அழுத்த மதிப்பெண் மிக அதிகமாக இருந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, நான்கு வாரம் பயிற்சி கொடுத்து, மறுபடி அளந்தால் மதிப்பெண் குறையும். பயிற்சி கொடுக்காமல் இருந்தாலும் ஓரளவு குறைந்திருக்கும். உச்சத்தில் இருப்பவர்களைப் பொறுக்கி எடுக்கும்போது, அன்றைக்கு மட்டும் மோசமான நாளாக இருந்தவர்களும் சேர்ந்தே வருகிறார்கள். அடுத்த முறை அளக்கும்போது அவர்கள் தங்கள் வழக்கமான அளவுக்குத் திரும்புவார்கள். சராசரியை நோக்கிய இந்தத் திரும்புதலை கால்டன் 1886-இலேயே பெற்றோர், பிள்ளைகளின் உயரத்தில் காட்டினார்.

இதைப் புள்ளியியலால் பின்னால் சரிசெய்ய முடியாது, கட்டுப்பாட்டுக் குழு வேண்டும். பயிற்சியை யாருக்கும் மறுக்க மனமில்லை என்றால் காத்திருப்புப் பட்டியல் முறை இருக்கிறது: குலுக்கலில் பாதிப் பேருக்கு இப்போது, மீதிப் பேருக்கு அளவீடு முடிந்த பிறகு. தரவு ஏற்கெனவே சேகரித்தாகிவிட்டது என்றால், 'பயிற்சியால் குறைந்தது' என்பதை 'பயிற்சிக் காலத்தில் குறைந்தது' என்று மாற்றுங்கள். தலைப்பிலும் 'தாக்கம்' என்ற சொல் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அறிகுறி: பங்கேற்பாளர்கள் நீங்கள் எதிர்பார்த்தபடியே, சந்தேகப்படும் அளவுக்கு அப்படியே, நடந்துகொள்கிறார்கள்

ஆய்வின் நோக்கத்தை ஊகித்து ஒத்துழைப்பதும் ஒரு நடத்தைதான். மார்ட்டின் ஓர்ன் 1962-இல் இதைச் சுட்டிக்காட்டினார். கடைசியில் 'இந்த ஆய்வு எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்?' என்று ஒரு கேள்வி வையுங்கள். அப்புறம், யார் எந்தக் குழு என்று தெரிந்த நீங்களே மதிப்பெண்ணும் போடாதீர்கள். கணக்குப் போடுவதாகப் பெயர் வாங்கிய ஹான்ஸ் என்ற குதிரையை 1907-இல் ஆராய்ந்த ஃபுங்ஸ்ட் கண்டது இதுதான்: கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவரின் தலை அசைவையும் உடல் இறுக்கத்தையும் பார்த்துத்தான் அது கால் தட்டுவதை நிறுத்தியது. கேட்டவர்களுக்குத் தாங்கள் குறிப்பு கொடுக்கிறோம் என்றே தெரியாது.

அறிகுறி: தரவைப் பதிவு செய்யும்போது ஒருவர் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விக்கு 'ஆம்' என்று குறித்திருப்பது தெரிகிறது

உடனே கவனிக்க வேண்டியது இது. கணக்கை நிறுத்திவிட்டு முதலில் இதைப் பாருங்கள்.

மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிஎச்க்யூ-9-இல் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி, இறந்துவிடலாம் என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் இந்த ஆளைத் தவறவிடுவீர்கள். மொத்தம் 4-தான், 'மிகக் குறைவு' என்ற வகையில் விழுகிறார், ஆனால் அந்த 4-இல் 2 ஒன்பதாவது கேள்வியிலிருந்து வந்திருக்கலாம். எனவே அந்த நெடுவரிசையைத் தனியாகப் பாருங்கள். எல்லாம் சேர்ந்து கடைசியில் பார்க்காமல், படிவங்கள் வந்த அன்றே பாருங்கள்.

கண்டால் அன்றே வழிகாட்டிக்குச் சொல்லுங்கள். நெறிமுறைக் குழுவிடம் ஒப்புதல் பெற்ற திட்டத்தில் இதற்கான நடைமுறை எழுதியிருக்க வேண்டும்: பயிற்சி பெற்ற யார் தொடர்பு கொள்வார், எத்தனை நேரத்துக்குள், எங்கே அனுப்புவார். நீங்களே ஆலோசகராக மாற வேண்டாம். ரகசியம் காப்போம் என்று சொன்னபோதே, உயிருக்கு ஆபத்து தெரிந்தால் அந்த வாக்குறுதிக்கு எல்லை உண்டு என்று ஒப்புதல் படிவத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

படிவம் பெயரற்றது, யார் என்றே தெரியாது என்றால்? அப்போது உங்களால் அவரை அடையவே முடியாது. இந்தச் சூழலை முன்பே யோசித்து, எல்லோருக்கும் கடைசிப் பக்கத்தில் உதவி எண்களும் சேவை விவரங்களும் தானாகத் தெரியும்படி வைத்திருக்க வேண்டும். பதில் நடவடிக்கை எடுக்கவே வழியில்லாத ஆய்வென்றால், அந்தக் கேள்வியில்லாத எட்டுக் கேள்வி வடிவமும் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். கேட்பதாலேயே எண்ணம் விதைக்கப்பட்டுவிடும் என்ற பயத்துக்கு ஆய்வுகள் ஆதாரம் தரவில்லை. கேட்டுவிட்டு, வந்த பதிலைப் பார்க்காமல் விடுவதுதான் தவறு.

அறிகுறி: பெயரை நீக்கிவிட்டீர்கள், ஆனாலும் யார் யார் என்று தெரிகிறது

பெயர் இல்லாவிட்டாலும் வயது, பாலினம், துறை, ஆண்டு நான்கும் சேர்ந்தால் ஆளைக் காட்டிவிடும். 40 பேர் உள்ள வகுப்பில் 43 வயதுப் பெண் ஒருவர்தான் என்றால், அவர் வரியில் இருக்கும் பதற்ற மதிப்பெண் யாருடையது என்று வகுப்பே சொல்லும். வயதைப் பட்டைகளாக்குங்கள், தேவையில்லாத விவரத்தைக் கேட்கவே கேட்காதீர்கள், நான்கைந்து பேருக்குக் குறைவாக விழும் கட்டங்களை இணையுங்கள். கூகுள் ஃபார்ம்ஸில் மின்னஞ்சல் சேகரிக்கும் அமைப்பு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மேலே 'பெயர் கேட்கப்படாது' என்று எழுதிவிட்டுக் கீழே அது இயங்கிக்கொண்டிருக்கும்.

அறிகுறி: பங்கேற்ற ஒருவர் 'என் பதில்களை எடுத்துவிடுங்கள்' என்கிறார்

1947-இன் நியூரம்பர்க் நெறிகள் பத்தில் ஒன்பதாவது, பங்கேற்பவர் சோதனையை நிறுத்திக்கொள்ளும் உரிமையைப் பற்றியது. இன்று அந்த உரிமை, கொடுத்த தரவைத் திரும்பப் பெறுவது வரை நீள்கிறது. காரணம் கேட்காதீர்கள். அவர் ஆய்வு நடத்தும் ஆசிரியரிடமே படிக்கும் மாணவர் என்றால், விலகியதால் மதிப்பெண்ணில் எதுவும் நேராது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

நடைமுறைக்கு, ஒவ்வொருவரும் தாங்களே உருவாக்கும் ரகசியக் குறியீடு ஒன்றைப் படிவத்தில் கேளுங்கள். பெயர் தெரியாமலே வரியைக் கண்டுபிடிக்கலாம். எந்தத் தேதி வரை விலகலாம் என்று ஒப்புதல் படிவத்தில் போடுங்கள். அந்தத் தேதிக்குள் கேட்டால் வரியை நீக்கிவிட்டுக் கணக்கை முதலிலிருந்து ஓட்டுங்கள். நீக்கியதால் பி மதிப்பு 0.04-இலிருந்து 0.06-க்குப் போனாலும் நீக்கியே ஆக வேண்டும். பூட்டி வைத்த 'மூலம்' கோப்பு, வழிகாட்டிக்கு அனுப்பிய மின்னஞ்சல் இணைப்பு, கைபேசியில் கிடக்கும் பிரதி எல்லாவற்றிலிருந்தும் அந்த வரி போக வேண்டும். குறிப்பேட்டில் தேதியும் 'ஒருவர் விலகினார்' என்பதும் மட்டும் இருக்கட்டும், குறியீட்டைக்கூட எழுதாதீர்கள்.